கல்லிலும் மண்ணிலும் களியாட்டம்

பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டு வரும் கலைப் புத்தகங்களில் ஐரோப்பியச் சிற்பங்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆடையின்றிச் சாய்ந்திருக்கும் ஒரு தேவதை. மதுக்கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து ஆடும் ஒரு பெண். அவளைத் தழுவிச் சிரிக்கும் ஒருவன், அவனுக்கோ ஆட்டுக்கால்களும் சிறு கொம்புகளும். இப்படிப்பட்ட படம் வந்தவுடன் பெரியவர்கள் சட்டென்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். சிலர் 'இதென்ன வெட்கக்கேடு' என்று முகம் சுளிக்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

முகம் சுளிப்பதற்கும் சிரிப்பதற்கும் முன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். இந்தச் சிற்பங்கள் யாருடைய கதையைச் சொல்கின்றன? யாருடைய பணத்தில், யாருக்காகச் செய்யப்பட்டன? யாருடைய கைகள் இவற்றைச் செய்தன? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால், பிள்ளை 'இது என்ன அப்பா?' என்று கேட்கும்போது பக்கத்தைப் புரட்ட வேண்டிய தேவை இராது.

முதலில் கதையைப் பார்ப்போம். பழங்கால கிரேக்கர்களுக்கு டயோனைசஸ் என்றொரு தெய்வம் உண்டு. ரோமானியர்கள் அவனைப் பாக்கஸ் என்று அழைத்தார்கள். திராட்சைக் கொடியும் அதிலிருந்து பிழியும் மதுவும் அவனுக்கு உரியவை. தேவர்களின் அரசனாகிய ஸீயஸ் அவனுக்குத் தந்தை. செமெலி என்னும் மானிடப் பெண் தாய். ஸீயஸின் உண்மையான ஒளியுருவைக் காண விரும்பிய செமெலி அந்த வெப்பத்தில் எரிந்து போனாள். அவள் வயிற்றிலிருந்த குழந்தையை ஸீயஸ் எடுத்துத் தன் தொடைக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றினான் என்பது கதை. இந்தத் தெய்வம் கிழக்கே இந்தியா வரை படையெடுத்துச் சென்று, வெற்றியோடு தேரில் திரும்பி வந்ததாகவும் கிரேக்கர்கள் கதை கட்டினார்கள்.

அவன் பின்னால் எப்போதும் ஒரு கூட்டம் வரும். கழுதை மேல் தள்ளாடி வரும் கிழவன் சைலீனஸ் அவனை வளர்த்தவன். பாதி மனிதனும் பாதி விலங்குமாக இருப்பவர்கள் சேட்டர்கள். கொடி சுற்றிய கோலை ஏந்தி, கூந்தல் அவிழ, மலையிலும் காட்டிலும் ஆடித் திரிபவர்கள் பாக்கஸின் தோழியர். ஐரோப்பியச் சிற்பங்களில் நாம் காணும் களியாட்டம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தின் களியாட்டமே.

ஆனால் கிரேக்கர்கள் மதுவை வெறுமனே புகழ்ந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அதே புராணத்தில் இக்காரியஸ் என்ற குடியானவன் கதையும் இருக்கிறது. டயோனைசஸ் அவனுக்குத்தான் மது செய்யக் கற்றுக்கொடுத்தான். அவன் அதை அக்கம்பக்கத்தாருக்கு மகிழ்ச்சியோடு பகிர்ந்து கொடுத்தான். நீர் கலக்காமல் குடித்த அவர்களுக்குத் தலை சுற்றியது. தங்களுக்கு நஞ்சு கொடுத்துவிட்டான் என்று நினைத்து அவனை அடித்தே கொன்றுவிட்டார்கள். அவன் மகள் எரிகோனி தந்தையின் உடலைத் தேடிக் கண்டு, மரத்தில் தூக்கிட்டு மாண்டாள். முதல் மதுவோடு முதல் கொலையும் வந்தது என்று அந்தக் கதை சொல்கிறது. மது தந்த தெய்வத்தைக் கும்பிட்ட மக்களே மதுவின் கேட்டையும் மறைக்காமல் சொல்லி வைத்தார்கள். கள்ளுக்கடையால் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியல்ல.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஏதென்ஸ் நகரில் இளவேனில் தொடங்கும் வேளையில் புது மதுச்சாடிகளைத் திறக்கும் திருவிழா மூன்று நாள் நடக்கும். அந்த நாட்களில் அடிமைகளும் எசமானர்களோடு சேர்ந்து மது அருந்த இடம் உண்டு. டயோனைசஸ் பெரிய இடத்துத் தெய்வம் மட்டும் அல்லன். உழைக்கும் எளியவருக்கும் ஒரு நாள் மூச்சு விட இடம் தந்த தெய்வம். அதனால்தான் ஆள்பவர்கள் அவனைக் கண்டு சற்று அஞ்சினார்கள். கி.மு. 186இல் ரோமாபுரியின் ஆட்சி மன்றம் பாக்கஸ் வழிபாட்டுக் கூட்டங்களைக் கடுமையாக ஒடுக்கியது. அந்த ஆணையைப் பொறித்த வெண்கலத் தகடு ஒன்று 1640இல் தெற்கு இத்தாலியில் கிடைத்து, இப்போது வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது.

இனி, பல நூற்றாண்டுகளைத் தாண்டி வருவோம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது புதையுண்ட ஊர்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் தோண்டத் தொடங்கினார்கள். ஹெர்குலேனியம் என்ற ஊரில் 1738இலும், பொம்பெயியில் 1748இலும் அகழ்வு தொடங்கியது. சுவரோவியங்கள், சிலைகள், வீட்டுப் பொருள்கள் எல்லாம் வெளிவந்தன. ஐரோப்பா முழுவதும் பழைய கிரேக்க, ரோமானியக் கலையின் மேல் பெரும் மோகம் எழுந்தது. அந்தப் பழைய முறையைப் பின்பற்றிப் புதிதாகச் செய்த கலையைப் புதுச் செவ்வியல் கலை என்கிறோம்.

இந்தக் கலைக்கு இலக்கணம் வகுத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய அறிஞர் விங்கல்மன். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். வறுமையோடு படித்து முன்னேறி, 1755இல் வெளியிட்ட சிறு நூலால் ஐரோப்பாவின் கண்களையே தம் பக்கம் திருப்பினார். கிரேக்கச் சிற்பத்தின் பெருமை அதன் எளிமையிலும் அமைதியிலும் இருக்கிறது. உள்ளே எவ்வளவு கொந்தளிப்பு இருந்தாலும் முகத்திலும் உடலிலும் அடக்கம் தெரிய வேண்டும் என்பது அவருடைய கருத்து. பழைய சிலைகளின் வெண்மையும் அந்த அமைதிக்குப் பொருத்தமாகத் தோன்றியது. உண்மையில் பழங்காலத்தில் அவற்றுள் பல வண்ணம் பூசப்பட்டிருந்தன என்பதை இன்று ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தியுள்ளார்கள்.

இங்கேதான் நமக்கு ஒரு புதிர் எழுகிறது. அடக்கமே அழகு என்று போதித்த காலம், மதுவையும் காதலையும் ஆட்டத்தையும் ஏன் இவ்வளவு விரும்பிச் செதுக்கியது?

விடையைத் தேட, குளோடியோன் என்ற பிரெஞ்சுச் சிற்பியிடம் போவோம். இயற்பெயர் குளோத் மிஷேல். ஹெர்குலேனியம் அகழ்வு தொடங்கிய அதே 1738இல் நான்சி என்ற ஊரில் பிறந்தவர். 1759இல் அரசுக் கலைக்கழகத்தின் பெரும் பரிசைப் பெற்று, 1762 முதல் 1771 வரை ரோமாபுரியில் தங்கிப் பழங்காலக் கலையைக் கற்றார். பெரிய சலவைக்கல் சிலைகளைச் செய்யத் தெரிந்திருந்தும், அவருக்குப் புகழ் தேடித் தந்தவை களிமண்ணில் வனைந்து சூளையில் சுட்ட சிறு உருவங்களே.

நியூயார்க் பெருநகர அருங்காட்சியகத்தில் அவருடைய சுடுமண் சிற்பம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 1780க்கும் 1790க்கும் இடையில் செய்தது. உயரம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு சேட்டர் பின்னால் சாய்ந்திருக்கிறான். ஒரு வனதேவதை அவனைத் தழுவியபடி கிண்ணத்திலிருந்து மதுவை அவன் வாயில் ஊற்றுகிறாள். இன்னும் ஒரு கணம் போனால் இருவரும் சரிந்து விழுந்துவிடுவார்கள் போலிருக்கிறது. ஆனால் விழவில்லை; விழவும் மாட்டார்கள். அவர்களுடைய கைகளும் கால்களும் ஒன்றையொன்று தாங்கும்படி சிற்பி கணக்காக அமைத்திருக்கிறார். பார்ப்பவருக்குத் தள்ளாட்டம் தெரிகிறது. செய்தவரின் கையில் தள்ளாட்டம் கிடையாது.

களிமண் வேலை எளிதென்று நினைக்க வேண்டாம். மண் ஈரமாக இருக்கும்போதே விரலாலும் மரக்கருவியாலும் உருவத்தை எழுப்ப வேண்டும். தோலுக்கு ஒரு மழமழப்பு, தலைமுடிக்கு ஒரு கீறல், ஆட்டுக்காலின் மயிருக்கு வேறொரு கீறல் என்று பிரித்துக் காட்ட வேண்டும். மண் தடிப்பாக இருந்தால் சூளையில் வெடித்துவிடும் என்பதால் உள்பக்கத்தைக் குடைந்தெடுக்க வேண்டும். பிறகு மெல்ல உலர்த்திச் சுட வேண்டும். குளோடியோன் விரல் பதித்த மண், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நேற்றுச் செய்தது போல உயிரோடு நிற்கிறது.

இவற்றை யார் வாங்கினார்கள்? பாரிஸ் நகரத்துப் பிரபுக்களும் பணக்காரர்களும். வரவேற்பறை அலமாரியிலும் மேசையிலும் வைத்து, நண்பர்களுக்கு அருகில் காட்டி மகிழ்வதற்காக வாங்கினார்கள். ஏதென்ஸில் அடிமைக்கும் பங்கு தந்த திருவிழா, பாரிஸில் பூட்டிய வீட்டுக்குள் அலங்காரப் பொருளாகிவிட்டது. திராட்சை பறித்தவனும் மிதித்துப் பிழிந்தவனும் அந்த அறைக்குள் நுழைய முடியாது.

1789இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. வாங்கியவர்கள் சிதறினார்கள், சந்தை சரிந்தது. குளோடியோன் 1792இல் சொந்த ஊரான நான்சிக்குத் திரும்பிச் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்னர் பாரிஸுக்கு வந்தபோது காலம் மாறியிருந்தது. நெப்போலியனின் வெற்றிகளைப் புகழும் நினைவுச் சின்னங்களில் வேலை கிடைத்தது. பாரிஸில் உள்ள கருசேல் வெற்றி வளைவில், பிரெஞ்சுப் படை மியூனிக் நகருக்குள் நுழையும் புடைப்புச் சிற்பம் அவர் செய்தது. மதுக்கிண்ணம் வனைந்த கை போர்வீரனைச் செதுக்கியது. 1814 மார்ச் மாத இறுதியில் அவர் இறந்தார். சில நாளில் நெப்போலியனின் பகைவர்கள் பாரிஸுக்குள் நுழைந்தார்கள்.

அடுத்து இத்தாலிக்குப் போவோம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் மிகப் பெரிய பெயர் பெற்ற சிற்பி அந்தோனியோ கனோவா. 1757இல் பொசாஞோ என்ற மலையடிவாரச் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கல்தச்சரான பாட்டனாரிடம் வளர்ந்தார். உளி பிடிக்கக் கற்றதும் அவரிடமே.

பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அவருடைய 'சைக்கியும் கியூபிட்டும்' என்ற சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. 1787இல் தொடங்கி 1793இல் முடித்தார். கியூபிட் நம் மன்மதனைப் போல அம்பு எய்து காதலை மூட்டுபவன். சைக்கி அவன் காதலித்த மானிடப் பெண். மாமியார் போலக் கொடுமை செய்த வீனஸ் தேவி சைக்கிக்குப் பல கடும் வேலைகளை ஏவினாள். கடைசியாகப் பாதாள உலகிலிருந்து ஒரு பேழையைக் கொண்டு வரச் சொன்னாள். திறக்கக் கூடாத பேழையைச் சைக்கி திறந்தாள். சாவு போன்ற உறக்கம் அவளை விழுங்கியது. கியூபிட் பறந்து வந்து எழுப்புகிறான். அந்தக் கணத்தைத்தான் கனோவா செதுக்கினார்.

அவள் மயக்கத்திலிருந்து எழுந்து இரு கைகளையும் மேலே உயர்த்துகிறாள். அந்தக் கைகள் அவன் தலையைச் சுற்றி ஒரு வளையம் போலாகின்றன. அவன் குனிகிறான். இதழும் இதழும் நெருங்குகின்றன, ஆனால் தொடவில்லை. நடுவில் ஒரு சிறு இடைவெளியை விட்டுவிட்டார் கனோவா. ஆசையைக் காட்டவும் செய்தார். அதை அடக்கியும் வைத்தார். நமது புதிருக்கு ஒரு பாதி விடை இங்கே கிடைக்கிறது. அடக்கத்தைப் போதித்த கலைக்கு ஆசை தேவைப்பட்டது. அடக்குவதற்கு ஒன்று உள்ளே இருந்தால்தானே அடக்கம் என்பதற்குப் பொருள் உண்டு?

இந்த மென்மையான உடல்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் வேறொரு கதை தெரியவரும். சலவைக்கல் பெரும்பாலும் இத்தாலியின் கராரா மலைகளிலிருந்து வந்தது. மலையில் வெட்டிய பெரும்பாறைகளை மரச்சட்டங்களின் மேல் ஏற்றிக் கட்டி, சரிவில் மெல்ல இறக்குவார்கள். சவுக்காரம் தடவிய உத்தரங்களைப் பாறைக்கு முன்னால் வரிசையாக அடுக்க வேண்டும். பாறை கடந்தவுடன் பின்னால் கிடப்பதை எடுத்து மறுபடி முன்னால் போட வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார்கள். கயிறு அறுந்தால் முன்னால் நிற்பவன் கதி அதோகதிதான். அப்படி உயிர்விட்டவர்கள் பலர்; கைகால் இழந்தவர்கள் பலர். அருங்காட்சியகச் சிலையின் அடியில் சிற்பியின் பெயர் இருக்கும். அவர்களுடைய பெயர் இராது.

பட்டறையிலும் பலர் உழைத்தார்கள். கனோவா முதலில் சிறிய மண் உருவம் செய்வார். பிறகு முழு அளவில் மண் உருவம். அதிலிருந்து அச்செடுத்துப் பிளாஸ்டர் உருவம் வார்ப்பார்கள். அதன் மேல் முக்கியமான இடங்களில் சிறு உலோக முளைகளைப் பதிப்பார்கள். கவராயமும் தூக்குநூலும் கொண்டு ஒவ்வொரு முளையின் ஆழத்தையும் தூரத்தையும் அளந்து, உதவியாளர்கள் கல்லில் அதே இடத்தைக் குடைந்து வருவார்கள். உருவம் பெரும்பாலும் வெளிவந்த பின்தான் கனோவா உளியையும் அரத்தையும் எடுப்பார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நிழல் விழுவதைப் பார்த்துப் பார்த்துத் தோலின் மென்மையைக் கொண்டுவருவார். முளைகள் பதித்த அந்தப் பிளாஸ்டர் உருவங்கள் இன்றும் பொசாஞோவில் உள்ளன. முதல் உலகப் போரின்போது 1917இல் குண்டு விழுந்து அவற்றுள் சில சிதைந்தன. பிறகு ஒட்டிச் சீர்செய்தார்கள்.

கனோவாவின் இன்னொரு சிலை நம் புதிரின் மறுபாதியை அவிழ்க்கிறது. நெப்போலியனின் தங்கை பாலின், ரோமாபுரியின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த கமில்லோ போர்கேசே என்ற இளவரசரை மணந்திருந்தார். 1805க்கும் 1808க்கும் இடையில் கனோவா பாலினை வெற்றி வீனஸாகச் செதுக்கினார். கட்டிலில் சாய்ந்து, இடுப்புக்கு மேல் ஆடையின்றி, கையில் ஆப்பிள் ஒன்றை வைத்திருக்கிறார். தேவியருள் பேரழகி யார் என்ற போட்டியில் வீனஸ் வென்ற பரிசு அந்தக் கனி. இளவரசி ஒருவர் இப்படி ஊரறிய உட்கார முடியுமா? முடியாது. வீனஸ் உட்காரலாம். புராணப் பெயர் ஒரு போர்வையாக வந்து மானத்தைக் காத்தது. அப்படியிருந்தும் கணவர் அந்தச் சிலையை எல்லாரும் பார்க்க விடவில்லை. கட்டிலின் உள்ளே இருந்த பொறி, சிலையைச் சுழற்றிக் காட்டும். நண்பர்கள் சிலர் இரவில் விளக்கொளியில் பார்ப்பார்கள்.

இந்தப் போர்வை கிழிந்தால் என்ன ஆகும் என்பதை 1834இல் பாரிஸ் கண்டது. அந்த ஆண்டின் கலைக்காட்சியில் ஜெனீவாவில் பிறந்த ஜேம்ஸ் பிரடியே என்ற சிற்பி 'சேட்டரும் பாக்கஸின் தோழியும்' என்ற சிற்பத்தை வைத்தார். பின்னால் சாய்ந்த பெண். அவள் மேலிருந்த துணியை விலக்கும் சேட்டர். கதை பழையதுதான். அதே கதையைக் குளோடியோன் செய்தபோது ரசித்தார்கள். ஆனால் இந்த முறை, சேட்டரின் முகம் சிற்பியின் முகம் போலவும், பெண்ணின் முகம் அவர் முன்பு பழகிய ஜூலியத் துரூவே என்ற நடிகையின் முகம் போலவும் இருப்பதாக ஊரார் பேசிக்கொண்டார்கள். ஒரே அமளி! அரசாங்கம் வாங்க மறுத்தது. அனத்தோல் தெமிதோவ் என்ற ருஷ்யச் செல்வர் வாங்கித் தம்முடைய புளோரன்ஸ் மாளிகைக்குக் கொண்டு சென்றார். அதே சிற்பத்தை 1980இல் லூவர் அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கல்லில் ஆடையின்மை புதிதல்ல, மது புதிதல்ல, தழுவலும் புதிதல்ல. புராணத்துப் பெண் என்று நம்பியவரை எல்லாரும் கண்கொட்டாமல் பார்த்தார்கள். தெருவில் நடமாடும் பெண் என்று தோன்றியதும் குற்றம் சொன்னார்கள். வம்பில் பெயர் கெட்டது யாருக்கு? சிற்பிக்குத் தொடர்ந்து வேலையும் பெருமையும் வந்தன. உயிரோடிருந்த பெண்ணின் பெயரைத்தான் ஊர் வாயில் போட்டு மென்றது. ஆக, நம் புதிருக்கு முழு விடை இதுதான்: தன் வீட்டில் அனுமதிக்காததை அந்தச் சமுதாயம் புராணத்தின் பெயரால் அனுமதித்துக்கொண்டது. சிற்பத்தில் குற்றம் இருந்ததோ இல்லையோ, பார்த்த கண்ணில் இரட்டை நீதி இருந்தது.

இதனால் இந்தச் சிற்பங்களை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மனித உடல் அழகானது. மகிழ்ச்சி மனிதருக்கு வேண்டியது. இவை இரண்டையும் மண்ணிலும் கல்லிலும் நிலைநிறுத்திய திறமை போற்றத்தக்கது. அதோடு காலம் ஒரு நல்ல காரியத்தையும் செய்திருக்கிறது. புரட்சி ஆட்சி அரசர்களின் லூவர் அரண்மனையை 1793இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. போர்கேசே மாளிகையையும் அதிலிருந்த கலைச்செல்வத்தையும் இத்தாலிய அரசு 1902இல் வாங்கியது. குளோடியோனின் சுடுமண் சிற்பம் ஒரு செல்வரின் உயில்வழி 1913இல் நியூயார்க் அருங்காட்சியகத்துக்கு வந்தது. பிரபுவின் அலமாரியில் அடைபட்டிருந்த களியாட்டம் மீண்டும் எல்லார் கண்ணுக்கும் எட்டியது. கூலிக்காரனும் அவன் பிள்ளையும் அதன் முன் நிற்கலாம்.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை பிள்ளையின் புத்தகத்தில் அப்படியொரு படம் வந்தால் பக்கத்தைப் புரட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். இது பாக்கஸின் கதை என்று சொல்லுங்கள். இக்காரியஸ் குடியானவன் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதைப் பணம் கொடுத்து வாங்கியவர் யார், பார்க்க அனுமதி பெறாதவர் யார் என்று கேளுங்கள். பிறகு, மலையிலிருந்து அந்தக் கல்லைக் கயிறு கட்டி இறக்கிய மனிதர்களைப் பற்றியும் பேசுங்கள். அவர்களுடைய உழைப்பின் அருமை நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே விளங்கும்.